நாண் பிடித்த பிடி

ஒரு வாத்து முட்டைக்குள் குட்டிக் கால் ஒன்று முளைத்துக்கொண்டிருந்தது. அந்தக் காலிலேயே பிறந்தவர்கள் எலும்பும் அவன் தங்கை நாணும். எலும்பைத் தசையோடு கட்டும் நாண் அவள், வெள்ளை நூல் போல மெலிந்தவள். ஒருநாள் முதுகுப் பக்கமிருந்து ஊர்ந்து ஊர்ந்து தசை அங்கே வந்து சேர்ந்தான்.

எலும்பு முகம் சுளித்தான். "இவன் நம்ம இடத்துக்காரன் இல்லை. இவனைத் தொட்டாயானால் நான் உனக்கு அண்ணனே இல்லை."

ஆனால் நாணுக்குள் இருந்த மரபணு அவளிடம் வேறு மாதிரி சொல்லியிருந்தது. "ஒரு கையால் அண்ணனைப் பிடி. மறு கையால் வருகிறவனைப் பிடி."

"உறவை நீ வேண்டுமானால் முறித்துக்கொள். நான் ரெண்டு பேரையும் விடமாட்டேன்" என்று நாண் தசையை எட்டிப் பிடித்தாள்.

எலும்பு அவளை உதறப் பார்த்தான். தானாக அசைய அவனால் முடியவில்லை. தசை மெல்லச் சுருங்கினான். நாணுக்கு இரண்டு பக்கமும் விண்விண்ணென்று வலித்தது.

"வலிக்குதா? விட்டுடு, வந்த வழியே போயிடறேன்" என்றான் தசை.

"பேசாமல் இழு!" என்று அதட்டினாள் நாண்.

அவன் மூச்சைப் பிடித்து இழுத்தான். முழங்கால் மடங்கியது. பிறந்ததிலிருந்து கிடந்த இடத்திலேயே கிடந்த எலும்பு முதல்முறையாக நகர்ந்தான்.

பிறகு தங்கையிடம் மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தான். "இன்னொரு தரம் இழுக்கச் சொல்லேன்."

"நீயே அவனிடம் கேள்" என்றாள் நாண்.