வாலாட்டியும் கேரவனும்

பங்குனியில் ஏரிக்கரைக்கு ஒரு கேரவன் வண்டி வந்து நின்றது. அதில் வந்த இன்பவல்லியும் அவள் கணவரும் ஐந்து நாள் தங்கிப் பறவை பார்க்க வந்தவர்கள். விடிந்ததும் தொலைநோக்கியோடு எதிர்க்கரைக்குப் போய்விடுவார்கள்.

அந்த நேரத்தில் ஒரு வாலாட்டிக்குருவி கேரவனின் படிக்கட்டுக்கு அடியில் புல்லைக் கொண்டுவந்து அடுக்கியது.

"இங்கே கட்டாதேம்மா. ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பிடுவேன்" என்றது கேரவன்.

"இவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு எங்கே போகப்போறே?" என்று சிரித்துவிட்டு, குருவி அடுத்த புல்லுக்குப் பறந்தது.

ஞாயிறு காலை கூட்டில் இரண்டு முட்டைகள் கிடந்தன. கணவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறிவிட்டார். இன்பவல்லி படிக்கட்டை மடிக்க வந்தாள். கேரவன் தன் பலத்தையெல்லாம் திரட்டிப் படிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. எவ்வளவு தள்ளியும் அது மடங்கவில்லை. என்ன சிக்கியிருக்கிறதோ என்று அவள் குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, சத்தம் போடாம இறங்கி வாங்க" என்றாள்.

இருவரும் மண்ணில் படுத்து வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஊருக்குப் போனார்கள்.

ஒரு மாதம் கழித்து, குஞ்சுகள் பறந்துபோன மறுநாள், இன்பவல்லி சாவியோடு வந்தாள். படிக்கட்டு தொட்டதும் மடங்கியது. வண்டிதான் கிளம்ப மனமில்லாமல் வெகுநேரம் முனகிக்கொண்டிருந்தது.