வேண்டாம் என்றுதான் சொன்னேன்

அண்ணன் மூன்று காலி டப்பாக்களைக் கவுண்டரில் வரிசையாக வைத்தான். இதே மூன்றும் மறுபடி வேண்டும், கூடவே புதிதாக ஒன்றும் வேண்டும் என்றான்.

"ஆக்டிவ் பி-6, நூறு எம்ஜி. சாதாரண பி-6 மாதிரி இல்லையாம், நேரா நரம்புக்கே போகுதாம். வீடியோவுல சொன்னான்."

என் மருந்துக் கடையிலிருந்து நாலு கடை தள்ளி அவனுடைய செல்போன் ரிப்பேர் கடை. எள்ளளவு ஸ்க்ரூக்களை விரல் நுனியால் தொட்டு எடுத்துப் பூட்டுகிற வேலை. கண்ணை மூடிக்கொண்டு பூட்டுவேன் என்று பீற்றிக்கொள்வான். அவன் வீட்டில் அடுப்பெரிவது அந்தப் பத்து விரல்களால்தான்.

இரண்டு மாதமாக அந்த விரல்களில் எறும்பு ஊர்கிறதாம். போன வாரம் சால்டரிங் கம்பி சுண்டுவிரலில் பட்டு, தோல் கருகிய வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் கையை எடுத்தானாம். அண்ணி போனில் சொல்லி அழுதாள்.

டப்பாக்களைத் திருப்பிப் பொடியெழுத்தைப் படித்தேன். ஒன்று பி காம்ப்ளெக்ஸ், ஒன்று நரம்பு மாத்திரை, ஒன்று சத்துப் பவுடர். மூன்றிலும் பி-6. ஆறு மாதமாக ஒரு நாள் விடாமல் உள்ளே தள்ளியிருக்கிறான். மனதுக்குள் கூட்டினேன். ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்குத் தேவையானதைப் போல நூறு மடங்குக்கும் மேலே வந்தது.

அவனுக்குப் பின்னால் இருமல் மருந்துக்காக ஒரு டீச்சர் நின்றிருந்தார். அவருக்கும் கேட்கும்படி நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

"வேண்டாம்ணா. எல்லாத்தையும் இன்னையோட நிறுத்து. ஆக்டிவா இருந்தாலும் அதுவும் பி-6 தான். அது குறைஞ்சாலும் விரல் மரத்துப்போகும், கூடினாலும் மரத்துப்போகும். உனக்குக் கூடிப்போச்சு. நரம்பு டாக்டரைப் போய்ப் பாரு."

ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. படிக்கும்போது எப்படிச் சொல்லச் சொன்னார்களோ அப்படியே சொன்னேன். டீச்சர் தலையாட்டினார்.

அண்ணன் சிரித்தான்.

"வந்துட்டாடா மாத்திரைக்காரி. வைட்டமின் சாப்பிட்டு எவனாவது கெட்டுப்போயிருக்கானா? மிச்சம் மீதி மூத்திரத்துல போயிடும். அந்த ஆக்டிவை ரெண்டா எடு."

ஒன்று கேட்டவன் இரண்டு கேட்டான்.

மாத்திரைக்காரி. மூன்று வருடத்துக்கு முன்பும் இப்படித்தான் சிரித்தான்.

அம்மாவுக்கு முட்டி வலி. இதயக் கோளாறுக்காக, ரத்தம் உறையாமலிருக்க ஏற்கெனவே ஒரு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் எங்கிருந்தோ ஒரு வலி மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து பிரித்தான். வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும், கொடுக்காதே என்று கத்தினேன். நான் கத்தக் கத்த, காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று கொடுத்தான்.

நாலாம் நாள் அம்மா கறுப்பாக வாந்தி எடுத்தாள். ஐந்தாம் நாள் அவள் இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் வயசாயிடுச்சு என்றான். நான் சொன்னதையும் தான் கேட்காததையும் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடப் போதும். வருத்தம் என்பது மருந்துக்கும் இல்லை அவனிடம்.

கேட்டதையெல்லாம் எடுத்துப் பையில் போட்டேன். பில்லின் அடியில், 'அளவு மீறுகிறது, நிறுத்தச் சொல்லி எடுத்துச் சொல்லப்பட்டது' என்று தெளிவாக எழுதித் தேதி போட்டேன்.

பையை வாங்கிக்கொண்டு திரும்பினான். வாசல் தாண்டுவதற்குள் பை நழுவிக் கீழே விழுந்தது. அது தெரியாமல், கை இன்னும் பிடித்தபடியே, இரண்டடி நடந்தான்.

ஓடிப்போய் எடுத்து அவன் விரல்களுக்குள் திணித்தேன். விரல்கள் சில்லென்று இருந்தன. என் வயிற்றுக்குள்ளும் ஏதோ குளிர்ந்தது. சந்தோஷம்தான், வேறென்ன.

"கூடப் பிறந்தவங்க, நீங்க இவ்வளவு சொல்றீங்க, காதுலயே போட்டுக்க மாட்டேங்கறாரே" என்று உச்சுக் கொட்டினார் டீச்சர்.

என்னால் என்ன செய்ய முடியும் என்று கையை விரித்தேன்.

முடியும்.

சின்ன வயதில் மழை வரும்போல இருந்தால், குடையெல்லாம் எதுக்குடா என்பாள் அம்மா. அவன் குடையை எடுத்துக்கொண்டு போவான். காய்ச்சல் அடித்தால், போய் நல்லா ஓடியாடி விளையாடு என்பாள். அவன் போர்த்திக்கொண்டு படுப்பான். அவன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து அம்மா கண்ணடிப்பாள். எங்கள் வீட்டில் அவனை வழிக்குக் கொண்டுவர அது ஒன்றுதான் வழி. அவள் போன பிறகு அது தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

'நல்லதுண்ணா, இன்னும் நாலு சேத்துப் போடு' என்று சொல்லியிருந்தால், இந்நேரம் எல்லா டப்பாவும் குப்பைத் தொட்டியில் கிடக்கும்.

அம்மாவுக்கு அவன் மாத்திரை பிரித்த அன்று, பதற்றத்தில் எனக்கு அது மறந்துபோயிற்று.

இன்று மறக்கவில்லை.