பத்தாவது வசனம்

அவள் கையால் மறைத்தாள். அதுதான் செய்த பிழை.

மறைக்காமல் இருந்திருந்தால் அவன் அந்தக் கொப்பியைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டான்.

"என்னத்தை மறைக்கிறாய்?"

புதன்கிழமை. பின்னேரம் நாலு மணி. உணவகத்தில் மதிய வேலை முடித்து, இரவு வேலைக்கு முன் இரண்டு மணி நேரம் படுத்தெழும்ப வந்திருந்தான் புருஷன். படுத்திருக்கிறான் என்று நினைத்துத்தான் அவள் குசினி மேசையில் வீட்டுப்பாடக் கொப்பியை விரித்தாள்.

நடந்திருக்கலாம், ஆனால் நடக்கவில்லை. அப்படியானவற்றைச் சொல்லப் பிரெஞ்சில் தனியாக ஒரு காலம் உண்டு.

தமிழில் 'போயிருப்பேன்' என்று ஒரே சொல்லில் முடிகிற காரியம். அங்கே இரண்டு வினைகளை ஒட்டவைக்க வேண்டும். அந்த முதல் வினையிலும் இரண்டு வகை. போவது வருவதற்கு ஒன்று, மிச்சம் எல்லாவற்றுக்கும் மற்றது. அட, என்ன பாஷையோ! அவளுக்கு எப்போதும் அந்த இடத்தில்தான் குழம்பும்.

பத்து வசனம் எழுதி வரச் சொல்லியிருந்தார் பிரெஞ்சு வகுப்பு எடுக்கிற மதாம்.

மழை பெய்திருந்தால் குடை எடுத்திருப்பேன். பஸ் வந்திருந்தால் நேரத்துக்கு வந்திருப்பேன். ஒன்பது வசனம் இப்படிப் பொய்யும் புளுகுமாக ஓடியது.

அடுத்த தாளுக்குத் திருப்பினாள். பத்தாவதைப் பேனை தானாக எழுதியது.

துணிவு இருந்திருந்தால் நான் போயிருப்பேன்.

எழுதிய பிறகு அவளே திடுக்கிட்டுப் போனாள். நிமிர்ந்தால், அவன் நிற்கிறான்.

அவன் கொப்பியை இழுத்தெடுத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிரான்சுக்கு வந்து பதினெட்டு வருடம். சமையலறையில் கத்துகிற பிரெஞ்சு நன்றாக வரும். வாசிக்க ஓர் எழுத்தும் வராது.

இந்த வீட்டில் அவன் திறந்து பார்க்க முடியாதது அந்தக் கொப்பி ஒன்றுதான்.

அவளுடைய போன் அவன் கையில். பாஸ்போர்ட், விசா, வங்கி அட்டை எல்லாம் அவனுடைய தோள்பையில். குளிக்கப் போனாலும் பை கூடவே போகும். பத்து வருட விசாவுக்கு மொழிச் சான்றிதழ் கேட்டதால்தான் வகுப்புக்கு விட்டான். வாசல்வரை கொண்டுபோய் விட்டு, முடியும்வரை எதிர்க்கடையில் கோப்பி குடித்தபடி இருப்பான். எவ்வளவு பெரிய மனசு!

போன வருடம் அவளுடைய கோட்டுக்குள் ஒரு தொலைபேசி இலக்கம் அகப்பட்டது. அடிபட்ட பெண்களுக்கு உதவுகிற இடத்து இலக்கம், பக்கத்து வீட்டுக்காரி எழுதிக் கொடுத்தது. அதன் பிறகு இரண்டு மாதம் அவள் வெளியில் கால் வைக்கவில்லை. இடது மணிக்கட்டு இன்னும் முழுதாக மடங்காது.

"பிள்ளை, இஞ்ச வா. இதை வாசி."

கம்சிகா வந்தாள். பத்து வயது. கையில் பச்சைப் பேனை இருந்தது. அவள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தங்கள் பிழைகளைத் தாங்களே பச்சையால் திருத்த வேண்டும். புதன்கிழமைகளில் அம்மாவின் கொப்பியையும் அவள்தான் திருத்துவாள்.

கொப்பியை வாங்கினாள். ஒருதரம் கண்ணால் படித்தாள்.

அம்மா மகளின் முகத்தையே பார்த்தாள். ஐயோ, பிள்ளை பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

கம்சிகா சத்தமாக வாசித்தாள். தட்டுத் தடங்கல் இல்லாமல் பிரெஞ்சு ஓடியது. நடுவில் 'சூப்' என்ற சொல் அவன் காதில் விழுந்தது.

தாளில் சூப் என்ற சொல்லே இல்லை.

"சூப்போ? என்னவாம்?"

"சூப்பைச் சூடாக்கி வைச்சிருந்தால் அப்பா கோவிச்சிருக்க மாட்டார் எண்டு எழுதியிருக்கிறா."

போன ஞாயிற்றுக்கிழமைச் சூப். சுவரில் கறை இன்னும் இருந்தது.

அவன் அந்தக் கறையைப் பார்த்தான். முகம் இளகியது.

"இப்பவாவது விளங்கிச்சே."

தோள்பையை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

அவள் மகளைப் பார்க்கவில்லை. பார்க்க வெட்கமாக இருந்தது.

கம்சிகா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வழக்கம்போலவே முதலாவதிலிருந்து தொடங்கினாள். குடைக்கு ஒரு பச்சை. பஸ்ஸுக்கு ஒன்று. பக்கத்தைத் திருப்பிப் பத்தாவதுக்கு வந்தாள். அம்மா எழுதியிருந்த முதல் வினையை வெட்டி, மற்றதை எழுதினாள்.

"போறதுக்கு இது வராது அம்மா."

பிறகு வசனத்தின் கடைசியில் பிரெஞ்சில் இன்னும் இரண்டு சொல் சேர்த்தாள்.

துணிவு இருந்திருந்தால் நான் போயிருப்பேன், கம்சிகாவோடு.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை சத்தமாக வந்துவிடும் என்று பயந்தாள்.

கம்சிகா அந்தத் தாளை மெல்லக் கிழித்தாள். நாலாக மடித்தாள். தன் புத்தகப்பைக்குள், சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

"மதாமுக்கு ஒன்பது போதும். இதை நாளைக்கு எங்கட ரீச்சரிட்டக் காட்டுறன். சரியோ எண்டு பார்ப்பா."

பச்சைப் பேனையை மூடினாள்.

"அப்பா என்ர பையைப் பாக்கிறேல்லை."

பை கதவடியில் கிடந்தது. ஸிப் பாதி திறந்திருந்தது. மடித்த தாளின் முனை வெள்ளையாகத் தெரிந்தது. கை நீட்டினால் எடுத்துவிடலாம். கிழித்துக் குப்பையில் போட்டுவிடலாம். வாரத்துக்கு இரண்டு நாள் வகுப்பாவது மிஞ்சும்.

அவள் எழுந்து போனாள். பையின் முன்னால் குந்தினாள்.

குளியலறையில் தண்ணீர் நின்றது.

இடது கை மடங்கவில்லை. வலது கையால் ஸிப்பை முழுவதும் இழுத்து மூடினாள்.