இமைக்காத வகுப்பு

துக்க வீட்டுக்குக்கூடத் தன் முகமும் குரலும் கொண்ட பதிலியைத் திரையில் அனுப்பிவிட்டு, ஆட்கள் சினிமாவுக்குப் போய்விடும் காலம் இது. ஆனால் என்னுடைய ஆன்லைன் புராண, நாட்டார் கதை வகுப்புக்கு மட்டும் நாற்பது பேரும் தாங்களே வருகிறார்கள் என்று நம்பியிருந்தேன். நான் பேசினால் அவர்கள் வைத்த கண் வாங்காமல் பார்ப்பார்கள். என் பேச்சு அப்படி என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு.

மீன் கம்பெனியில் இரவு வேலை பார்க்கும் ஜெபராணி மட்டும் கொட்டாவி விடுவாள். வகுப்பில் கவனம் என்ற இனத்தில் அவளுக்கு முட்டை போட்டிருந்தேன்.

கடைசி வகுப்பில், "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றேன். அவள்தான் கையைத் தூக்கினாள்.

"சார், மனுஷ வேஷத்துல வர்ற தேவர்களை எப்படிக் கண்டுபிடிக்கணும்னு சொன்னீங்க?"

"கண் இமைக்காது. போன மாசமே நடத்திட்டேன். நீ தூங்கியிருப்ப."

"கேட்டேன் சார். மத்தவங்களைக் கொஞ்சம் உத்துப் பாருங்க."

பார்த்தேன். முப்பத்தொன்பது முகங்களில் ஒன்றுகூட இமைக்கவில்லை.

முட்டையை அழித்து முழு மதிப்பெண் போட்டேன். பிறகு, இருக்கும் ஒரே மாணவிக்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கத்தைவிட உற்சாகமாக முடிவுரையைத் தொடங்கினேன். ஐந்து நிமிடத்தில் அவள் தலை மேஜையில் சாய்ந்துவிட்டது.

அவள் விழித்துவிடாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு பாடத்தை முடித்தேன்.