அஞ்சுக்கு அஞ்சு வாங்குன காளை

ஜல்லிக்கட்டு வாடிவாசலுக்குப் பின்னாடி நின்ன செவலைக் காளைக்கு நாலு காலும் வெடவெடன்னு நடுங்குச்சு. சந்தையில தரகர் அதோட முதுகுச் சுழியைப் பாத்து, "பிடிபடவே படாது"ன்னு அஞ்சுக்கு அஞ்சு மார்க் போட்டிருந்தாரு.

"முழு மார்க் வாங்கிட்டு ஏன் மாப்ள நடுங்குற?"ன்னு காதுல ஒட்டிக்கிட்டிருந்த உண்ணி கேட்டுச்சு.

"முன்னாடி போனவனுக்கும் அதே தரகர், அதே அஞ்சு மார்க்தான் மாமா. ரெண்டு எட்டு வைக்கல, திமிலைப் பிடிச்சுத் தொங்கிட்டானுங்க. இப்ப அடிமாட்டு லாரியில நிக்கிறான்."

"உன் சுழி இன்னும் நல்ல சுழியாம்ல?"

"முதுகைப் பாத்தாரு. வயித்தைக் கலக்குறதப் பாக்கலியே!"

அதுக்குள்ள மூக்கணாங்கயித்தை அறுத்துட்டாங்க. வெளிய அத்தனை கையைப் பாத்ததும் செவலைக்குக் கண்ணு இருட்டிருச்சு. எப்படித் தாண்டுச்சுன்னு அதுக்கே தெரியல. ஒருத்தர் விரலும் மேல படல.

"பாத்தீங்களா, என் மார்க் பொய்க்குமா!"ன்னு தரகர் மீசையை முறுக்கினாரு.

ஊர் எல்லையைத் தாண்டியும் செவலை ஓடிக்கிட்டே இருந்துச்சு.

"நில்லு மாப்ள, ஜெயிச்சுட்ட!"ன்னு உண்ணி கத்துச்சு.

"அதான் மாமா பயமே! இனி வருஷா வருஷம் கூப்பிடுவாங்களே!"