ஆரம்ப வகுப்பே போதும்

"பதினாலு வயசாகுது. நாலு பேர் முன்னாடி நாலு வார்த்தை பேச வரல. இந்த லீவுல இவளைப் பேச வைக்காம நான் விடப்போறதில்ல" என்றார் அப்பா, செருப்பை மாட்டிக்கொண்டே.

அம்மா கதவைப் பூட்டினாள். "என்னங்க, கிளினிக்ல என்னை..."

"லீவு போடாதேன்னு சொல்லியிருப்பாங்க. எப்பவும் உள்ளதுதானே. சீக்கிரம் வா."

அவர் சோபா, கட்டில் விற்கும் கடையில் விற்பனையாளர். கடையில் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். வாங்க வந்தவர் வாயைத் திறப்பதற்குள் அவருக்கு என்ன வேண்டும் என்று இவரே சொல்லிவிடுவார். முக்கால்வாசி நேரம் அது சரியாகவும் இருந்து தொலைக்கும். அந்தத் தெம்பில் வீட்டிலும் அப்படியே. கண் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் நாள் முழுக்க எல்லாருக்கும் பதில் சொல்லும் அம்மா, வீட்டுக்கு வந்து ஆரம்பிக்கிற வாக்கியத்தை முடித்துவைப்பது ரேடியோதான். இப்பேர்ப்பட்டவருக்கு வாயில்லாப் பூச்சியாக ஒரு மகள் பிறந்தால் மனுஷனுக்கு ஆறுமா?

ஆகவே கோடை விடுமுறைக்குப் பேச்சு, விவாதப் பயிற்சி முகாம்.

முதலில் போனது ரேடியோ பிடித்து வைத்திருந்த முகாம். கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள். கோட்டுப் போட்ட பயிற்சியாளர், எதிராளியை மூச்சு விட விடாமல் அடிப்பது எப்படி என்று விளக்கினார். ரேடியோவும் கூடவே விளக்கினார். ஒருவர் பேசியது மற்றவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் பரம திருப்தி.

"இங்கயே சேத்துடலாம்" என்றார் வெளியே வந்து.

"ரெண்டு இடம் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு சொன்னீங்கப்பா" என்றாள் மகள், தரையைப் பார்த்தபடி. சொன்னது சொன்னதுதானே. நடந்தார்கள்.

வழியில் அம்மா, "நாளைக்குள்ள அவங்களுக்கு நான்..." என்று தொடங்க, "கேஸ்காரங்களுக்குத்தானே? போன் பண்ணிட்டேன்" என்றார் ரேடியோ.

மகள் தேடிப் பிடித்த முகாம் ஒரு சைக்கிள் கடை மாடியில் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கரும்பலகை. கோப்பை என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. ரேடியோவின் முகம் சுருங்கிவிட்டது.

அங்கே நடத்தும் டீச்சர் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். ஒருவர் ஒரு நிமிடம் பேச வேண்டும். மற்றவர் குறுக்கே வாயைத் திறக்கக் கூடாது. பிறகு, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஆமா, இதைத்தான் சொன்னேன்' என்று முதலாமவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் பதில் பேசலாம்.

மகளை ஒரு பெண்ணோடு உட்கார வைத்துப் பார்த்தார்கள். மெல்லிய குரலில்தான் பேசினாள். ஆனால் அந்தப் பெண் சொன்னதில் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னாள்.

"இவளை நேரா ரெண்டாவது வகுப்புலயே சேக்கலாம்" என்றார் டீச்சர்.

"ஆரம்ப வகுப்பே போதும் மிஸ்."

ரேடியோ தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கூப்பிட்டுக் கொடுத்தால்கூட வேண்டாம் என்கிறதே இந்தப் பெண்.

பெரியவர்களில் யாராவது இரண்டு பேர் செய்து பார்க்கிறீர்களா என்று கேட்டார் டீச்சர். மகளின் கை சட்டென்று உயர்ந்தது. ரேடியோவுக்குப் பெருமை தாங்கவில்லை, முதல் தடவையாகக் கையைத் தூக்கிவிட்டாளே என்று.

"எங்க அப்பாவும் அம்மாவும்" என்றாள் அவள்.

அம்மா பேச ஆரம்பித்தாள். ஐந்தாவது விநாடியில் ரேடியோ வாயைத் திறக்க, டீச்சர் உதட்டில் விரல் வைத்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் அசடு வழிந்தபடி வாயை மூடிக்கொண்டார்.

நிமிடம் முடிந்தது. "கிளினிக்ல வேலை ஜாஸ்தின்னு சொல்றா" என்றார்.

"இல்ல" என்றாள் அம்மா.

"வேலையை விடணுங்கறா."

"அதுவும் இல்ல."

அம்மா மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை ரேடியோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதுக் கிளை திறக்கறாங்க. அதை உன் பொறுப்புல விடறோங்கறாங்க. நாளைக்குள்ள பதில் சொல்லணும்." கொஞ்சம் நிறுத்தினார். "ஒரு வாரமா என்கிட்ட இதைச் சொல்ல வர்றே."

"ஆமா. இதைத்தான் சொன்னேன்" என்றாள் அம்மா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் சிரித்தாள்.

இப்போது பதில் பேச ரேடியோவுக்கு முழுசாக ஒரு நிமிடம் இருந்தது. "சரின்னு சொல்லிடு. வீட்டை நாங்க பாத்துக்கறோம்" என்றார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் வரவில்லை. மிச்ச நேரம் முழுக்கச் சும்மா நின்றார். அவரோடு கடையில் வேலை செய்பவர்கள் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

பெயர் கொடுக்கப் போகும்போது மகளைத் தனியே கூப்பிட்டார்.

"இங்கயே சேரும்மா. ஆனா காது கொடுத்துக் கேக்க உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். டீச்சரே ரெண்டாவது வகுப்புங்கறாங்க. அப்புறம் எதுக்கு ஆரம்ப வகுப்பு?"

கேட்டுவிட்டு, பதிலையும் தானே சொல்லிவிடாமல் நின்றார்.

"ரெண்டாவது வகுப்புல பிள்ளைங்க மட்டும்தான்ப்பா" என்றாள் மகள். "ஆரம்ப வகுப்புலதான் பெத்தவங்களும் தினம் கூட வந்து உக்காரணும்."