ஒத்தைக்கண் பார்வை

ரைஃபிளின் தலையில், குறிபார்க்கிற புது ஸ்கோப் கோணலாக உட்கார்ந்திருந்தது. உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்கிற கோணல் இல்லை, தூரத்திலிருந்தே தெரிகிற கோணல்.

அது தபால்காரம்மா சுடுகிற ரைஃபிள். விடிந்தால் துப்பாக்கி சுடும் அணிக்குத் தேர்வு. போன ரெண்டு வருஷமும் மயிரிழையில் கோட்டை விட்டாயிற்று. இந்தத் தடவையும் தவறினால் கிளப் ரைஃபிள் வேறு ஆளுக்குப் போய்விடும். சொந்தமாக ஒன்று வாங்குவதை அவள் சம்பளத்தில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

ஸ்கோப்பை மாட்டியவன் ஒத்தைக்கண்ணன். கண் ரெண்டும் நன்றாகத்தான் இருக்கிறது. எதைப் பார்த்தாலும் ஒன்றை மூடிக்கொண்டு பார்ப்பான், அதனால் வந்த பேர். அவன் மேல் அவளுக்கு ஏற்கெனவே கடுப்பு. ஒரு வாரமாக அவன் துப்பாக்கிப் பட்டறைக்குத் தபால் கொண்டுபோனால், கையெழுத்துப் போடப் பேனா தேடுகிறேன் என்று வாசலிலேயே நிற்க வைக்கிறான். பேனா அவன் காதில் செருகியிருக்கிறது. பார்வையோ அவள் தோளில் இருக்கிறது. ஆள் சரியில்லை என்று முதல் நாளே முடிவுகட்டிவிட்டாள்.

ஸ்டாண்டில் இருந்த ரைஃபிளின் ஸ்கோப் மேல் கிளப் செயலாளர் ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஒரு ஓரமாக ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.

"வேலையா இது? கழட்டி ஒழுங்கா மாட்டு."

ஒத்தைக்கண்ணன் எதிர்ச் சுவரில் ஒரு நூலைக் கட்டி, நுனியில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டான்.

"அக்கா, வாசல்ல நிக்கிற மாதிரி நின்னு அந்த நூலைப் பாருங்க. தோளைத் தூக்காதீங்க."

இது புதுசாக இருந்தது. இத்தனை நாளும் செயலாளர், நிமிருங்க நிமிருங்க என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு தோளைத் தூக்குவாள். மூணாவது குண்டுக்குள் கை உதற ஆரம்பித்துவிடும்.

வேண்டாவெறுப்பாக ரைஃபிளைத் தோளில் அணைத்தாள். அது தன்போக்கில் ஒரு பக்கம் சாய்ந்தது. ஸ்கோப்புக்குள் இருந்த செங்குத்துக் கோடு, தொங்கிய நூலின் மேல் அச்சாகப் பொருந்தி நின்றது. அவளால் நம்பவே முடியவில்லை.

நூலை அவிழ்த்துவிட்டுக் குறி அட்டையை மாட்டினார்கள். அஞ்சு குண்டு சுட்டாள். கை உதறவே இல்லை.

செயலாளர் அட்டையை எடுத்துவந்து பார்த்தார். அஞ்சு ஓட்டையையும் ஒரு சட்டைப் பொத்தானால் மூடிவிடலாம். ரசமட்டத்தைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டு, நாளைக்கு நேரத்தோடு வரச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

"பதினெட்டு வருஷம் தபால் பை தொங்கின தோளு, அக்கா. அது நிமிராது," என்றான் ஒத்தைக்கண்ணன். "ஸ்கோப்பைத்தான் அதுக்கு ஏத்தாப்ல சாய்க்கணும். அதான் வாசல்ல நிக்க வெச்சு அளவு பார்த்தேன்."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பார்த்திருக்கலாமில்லப்பா?"

"சொல்லியிருந்தா நீங்க நிமிர்ந்து நின்னிருப்பீங்களேக்கா."